நாற்பத்தோராவது குழாய்

வில்லியனூர்
14 ஜூன் 2024

செல்வா,

ஒவ்வொரு பார்சலோடும் சூடு எவ்வளவு, இழுத்த வேகம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தாய். எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அந்தத் தாள் எனக்குப் போதவில்லை, அதனால் கடிதம்.

வந்துவிட்டது! நாற்பது தடவை பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்து நாற்பதும் குப்பைத் தொட்டிக்கோ உன் அலமாரிக்கோ போன பிறகு, நாற்பத்தோராவது சரியாக வந்துவிட்டது. பெரிய குழாய்க்குள் ஆறு சின்னக் குழாய்கள், ஒன்றை ஒன்று தொடாமல் சுவரோரமாக வட்டமாக நிற்கின்றன. ஒன்றுகூட நசுங்கவில்லை. மொத்தம் மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர். வளைத்தால் வளைகிறது, விட்டால் நிமிர்ந்துகொள்கிறது. கத்த வேண்டும் போலிருந்தது. ஷெட்டில் யாரும் இல்லாததால் கத்தியும் விட்டேன்.

கத்தின சத்தத்தில் முதலாளி சிங்காரவேலு வந்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து நான் வந்து மெஷினை ஓட்டிக்கொள்ள அவர் விடுவதே பெரிய விஷயம். வாரத்தில் ஆறு நாளும் அதே மெஷினில் ஆஸ்பத்திரிக்கான டியூப் போகிறது. குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இன்னாம்மா இது? இதுல மருந்து போவுமா?"

"மருந்து இல்ல சார், அலை போவும். டெராஹெர்ட்ஸ்னு பேரு. செல்போன் அலைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல இருக்குது."

"அதுக்கு ஒயரு போதாதா?"

நீ எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். செம்புக் கம்பியில் விட்டால் கொஞ்ச தூரத்திலேயே செத்துப்போகும், கண்ணாடி இழையில் விட்டால் கண்ணாடியே விழுங்கிவிடும், தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் உள்ளே வெறும் காற்று, சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக். அலை காற்றிலேயே போய்விடும். அது வளையவும் செய்தால், தீக்காயம் பட்டவர் பக்கத்தில் முனையைக் கொண்டுபோய், தொடாமலேயே காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்த்துவிடலாம். அவர் குழாயை மேஜையில் வைத்தார். "தொடாமலே பாக்கலாமா? அப்போ செய்யி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு முனையிலும் சிவப்பு மார்க்கரால் வளையம் போட்டிருக்கிறேன். பத்திரமாகப் பார்த்துக்கொள். இதே மாதிரி இன்னொன்று எப்போது வருமோ எனக்கே தெரியாது.

ஜோஸ்பின்

* * *

புனே
9 ஜூலை 2024

ஜோஸ்பின்,

நீ ஷெட்டில் கத்தினாய், நான் ஆய்வுக்கூடத்தில் கத்தி, பக்கத்து அறைக்காரர்கள் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

மீட்டருக்கு 0.8 டெசிபெல்! வளையக்கூடிய குழாயில் இவ்வளவு குறைந்த இழப்பை எங்கள் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. எப்படி அளப்போம் என்று கேட்டிருந்தாய் அல்லவா? சுலபம்தான். முழு நீளக் குழாயில் அலையை விட்டு மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு உள்ளே விடும் முனையை அசைக்காமல், மறுமுனைப் பக்கம் வெட்டிக் குட்டையாக்கி மறுபடி பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வெட்டின நீளத்தால் வகுத்தால் முடிந்தது.

என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் வழக்கமாகச் சிரிக்க மாட்டார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதை இழுத்தது யார்?" என்றார். பாலிடெக்னிக்கில் என் பக்கத்து பெஞ்ச், நான் பிறகு பி.டெக், எம்.டெக் என்று போய்விட்டேன், அவள் டிப்ளமாவோடு டியூப் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்றேன். "அவர் பெயர் ஆய்வுப் பேப்பரில் இரண்டாவதாக வர வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நான் கேட்கவே இல்லை, ஜோஸ்பின். அவராகச் சொன்னார்.

மணப்பட்டில் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்த வில்லியனூரு பொண்ணா? அப்பவே சொன்னேன், உன்னைவிட அதுக்குத்தான் மூளைன்னு" என்கிறாள். பெற்ற மகன் என்ற இரக்கமே இல்லை.

செல்வா

* * *

வில்லியனூர்
25 நவம்பர் 2024

செல்வா,

பேப்பர் அச்சாகி வந்ததும் அப்பா செய்த அட்டகாசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இக்னேஷியஸ் மகள் என்று ஊரெல்லாம் ஒருமுறை சொல்லி முடித்து, முதல் பக்கத்தை லேமினேட் செய்து, பங்குச் சாமியாரிடம் கொடுத்து, ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பாகவே வாசிக்க வைத்துவிட்டார். சாமியாருக்கு டெராஹெர்ட்ஸ் வாயில் நுழையவில்லை. "ஏதோ நல்ல அலை" என்று சொல்லி முடித்துக்கொண்டார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரிலேயே புதிதாக இழை இழுக்கும் கூடம் ஒன்று திறக்கப் போகிறார்களாம். டெக்னீஷியன் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். டிகிரி வேண்டும், "அல்லது வெளியான ஆய்வில் பங்கு" என்று போட்டிருக்கிறது. அந்த 'அல்லது' எனக்காகவே போட்டது என்று வைத்துக்கொண்டு விண்ணப்பித்துவிட்டேன். மார்ச் 3 சென்னையில் நேர்காணல். பத்து வருஷமாக ஒரே அளவு ஆஸ்பத்திரி டியூப் ஓட்டியவளுக்கு இது கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். எனக்கு இந்த வேலை வேண்டும், செல்வா. ரொம்ப வேண்டும்.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. அந்த நாற்பத்தொன்றுக்குப் பிறகு அதே சூடு, அதே வேகத்தில் பத்து இழுத்துவிட்டேன். ஒன்றும் அந்த மாதிரி வரவில்லை. எப்போதும் ஒரு பக்கத்துச் சின்னக் குழாய்கள் நசுங்கிவிடுகின்றன. நேர்காணலில் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? நீ அளக்கும்போது வெட்டின துண்டுகளை அனுப்பு. வெட்டு வாயை இங்கே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சுவர் எங்கே எவ்வளவு தடிமன் என்று தெரிந்துவிடும்.

ஜோஸ்பின்

* * *

புனே
20 டிசம்பர் 2024

ஜோஸ்பின்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அப்பாவுக்கும் சொல்லு.

ஆய்வேட்டைப் பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டும், மூச்சுவிட நேரமில்லை. துண்டுகள் அலமாரியில் எங்கேயோ இருக்கின்றன, தேடிப் பார்க்கிறேன். அவசரமில்லையே? வேலை உனக்குத்தான் கிடைக்கும், கவலைப்படாதே.

செல்வா

* * *

வில்லியனூர்
6 ஜனவரி 2025

செல்வா,

அவசரமில்லையே என்று கேட்டிருக்கிறாய். மார்ச் 3 என்று தேதியோடு எழுதினேன்.

மூன்று நாளாகப் போன் செய்கிறேன், எடுக்கவில்லை. நேற்று எடுத்துவிட்டு, "மீட்டிங்கில் இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன மீட்டிங்? உன் சிரிப்பு எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் என் டிராயிங் ஷீட்டில் டீயைக் கொட்டிவிட்டு இதே மாதிரிதான் சிரித்தாய். அதனால் இனிமேல் போன் வேண்டாம், எழுது.

நான் கேட்பது பிளாஸ்டிக் துண்டு. அதை அனுப்ப ஒருவனுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. என் மேல் ஏதாவது கோபமா? பெயர் இரண்டாவதாகப் போட்டது இப்போது உறுத்துகிறதா? அப்படியிருந்தால் அதையாவது சொல்.

ஜோஸ்பின்

* * *

புனே
18 ஜனவரி 2025

ஜோஸ்பின்,

கோபம் எதுவும் இல்லை. உன் பெயர் அங்கே இருப்பதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை.

நாற்பத்தொன்றை அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு எழுது.

செல்வா

* * *

வில்லியனூர்
27 ஜனவரி 2025

செல்வா,

குடியரசு தின லீவு எல்லாம் முடிந்து இன்றுதான் பார்சல் வந்தது. பெட்டி இவ்வளவு நீளமாக இருக்கிறதே என்று தபால்காரரிடம் வாங்கும்போதே யோசித்தேன். துண்டுகள்தானே வர வேண்டும்?

ஷெட்டில் மேஜையில் வைத்து அளந்தேன். மூன்று மீட்டர் பத்து. நாடாவைத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்தேன். மூன்று மீட்டர் பத்து. நான் போட்ட சிவப்பு வளையம் இரண்டு முனையிலும் அப்படியே இருக்கிறது.

நீ இதை வெட்டவே இல்லை.

வெட்டாமல் எப்படி வெட்டி அளந்தாய்? பேப்பரில் என் பெயருக்குக் கீழே "வெட்டிக் குறைத்து அளக்கும் முறையில்" என்று இருக்கிறது. அப்பா லேமினேட் செய்து மாட்டியிருப்பதும் அந்தப் பக்கம்தான். இன்று காலை அதற்கு முன்னால் நின்றுகொண்டு மறுபடி படித்தேன்.

நடந்தது என்ன என்று எழுது. அழகாக எழுத வேண்டாம்.

ஜோஸ்பின்

* * *

புனே
4 பிப்ரவரி 2025

ஜோஸ்பின்,

நடந்தது இதுதான்.

போன ஜூன் கடைசியில் உன் குழாயைப் பொருத்தி, முழு நீளத்தில் அளந்தேன். அலை நன்றாக வந்தது. அடுத்து வெட்ட வேண்டும். பிளேடைச் சூடாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேஜையில் உன் கடிதம் இருந்தது. நாற்பது போய் ஒன்று வந்தது, இன்னொன்று எப்போது வருமோ தெரியாது என்று எழுதியிருந்தாய். கை போகவில்லை.

எங்கள் வீட்டில் நல்ல கயிற்றை யாரும் வெட்ட மாட்டார்கள். வலைக்கு நீளம் அதிகமானால் சுருட்டிக் கட்டி வைப்பார்கள், தேவைக்கு முடிச்சுப் போடுவார்கள், கத்தி வைக்க மாட்டார்கள். சின்ன வயதில் ஒரு புதுக் கயிற்றை வெட்டிவிட்டேன் என்று அப்பா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்று என் கை ஏன் நின்றது என்று சொல்கிறேன்.

அலமாரியில் உன் முப்பத்தெட்டாவது குழாயின் அறுபது சென்டிமீட்டர் துண்டு கிடந்தது. அளவெல்லாம் ஒன்றுதானே, இதைக் குட்டைத் துண்டாக வைத்துக்கொள்வோம், நாற்பத்தொன்றைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதில் ஒரு சின்னக் குழாய் நசுங்கியிருந்தது. அதனால் குட்டைத் துண்டிலேயே அலை மங்கிப்போய்த்தான் வந்தது. அதோடு ஒப்பிட்டதும் உன் மூன்று மீட்டர் குழாயில் ஒன்றுமே குறையாத மாதிரி எண் வந்துவிட்டது. அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. 0.8 என்று பார்த்ததும் கத்திவிட்டேன். அடுத்த வாரம் நிதானமாக யோசித்தபோது உறைத்தது. அதற்குள் மேடம் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். உன் பெயரும் ஏறியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஏழு மாதமாக மூடிக்கொண்டே இருக்கிறேன், இதில் எனக்குக் கொஞ்சமும் பெருமை இல்லை.

உண்மையான எண் என்ன என்று எனக்குத் தெரியாது. 0.8 நிச்சயமாக இல்லை. என் ஆய்வேட்டின் நடு அத்தியாயமே அந்த எண்தான். உன் நேர்காணலுக்கும் அந்தப் பேப்பர்தான் சீட்டு. மார்ச் 3 முடியட்டும், உனக்கு வேலை கிடைக்கட்டும், அதற்குப் பிறகு மேடத்திடம் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம்தானே? நீ சரி என்றால் அப்படிச் செய்யலாம்.

செல்வா

* * *

வில்லியனூர்
12 பிப்ரவரி 2025

செல்வா,

மூன்று நாள் பதில் எழுத உட்கார்ந்து மூன்று நாளும் எழுந்துவிட்டேன். முதல் நாள் எழுதியிருந்தால் நீ படித்திருக்க முடியாது.

நீ சொல்கிற ஒரு மாதத்தை நானும் நினைத்துப் பார்த்தேன். நான் ஒன்றும் மரியன்னை இல்லை. பேசாமல் இருந்தால் வேலை கிடைத்துவிடுமே என்று ஒரு பகல் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நினைத்தேன். ஆனால் அங்கே போய், தெரிந்தே தப்பான எண்ணைச் சொல்லி, அதே கூடத்தில் தினமும் இழை இழுக்க வேண்டும். அங்கேயும் யாராவது ஒருநாள் வெட்டி அளப்பார்கள்.

அது போகட்டும். எனக்கு நிஜமாகவே வலித்தது வேறு. நீ வெட்டாமல் விட்டது என் மேல் இருந்த அன்பால் என்று நினைக்கிறாய். இருக்கலாம். ஆனால் நீ அதை ஏதோ கடலில் அகப்பட்ட பொருள் மாதிரி நினைத்திருக்கிறாய், ஒருத்தி செய்தது என்று நினைக்கவில்லை. செய்தவள் மறுபடி செய்வாள் என்று உனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என் பேரிலும் இருக்கிறது, இன்னொன்று வருமா தெரியாது என்று நானே எழுதித் தொலைத்தேன். சந்தோஷத்தில் எழுதியது அது. அதைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்துவிட்டாய்.

குழாயைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு முனையையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டேன். உள்ளே விடும் முனையை அசைக்காமல், மறுமுனையிலிருந்து வெட்டு. வருகிற எண்ணை மேடத்திடம் கொடு. மூன்றாம் தேதிக்கு முன்னால் கொடு. உனக்காக நான் முடிவெடுக்க மாட்டேன். ஆனால் நேர்காணலில் கேட்டால் நான் நடந்ததைச் சொல்லிவிடுவேன், அதை இப்போதே தெரிந்துகொள்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்போ பூசையில சாமியார் சொன்னது பொய்யாப்பூடுமா?" என்றார்.

"பொய் இல்லப்பா, தப்பு."

"தப்புன்னா அதையும் பூசையில சொல்லச் சொல்றேன். அதுக்கு இன்னா இப்போ?" என்று சொல்லிவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். லேமினேட் செய்ததை இன்னும் கழற்றவில்லை.

ஜோஸ்பின்

* * *

புனே
26 பிப்ரவரி 2025

ஜோஸ்பின்,

வெட்டிவிட்டேன். ஐந்து இடத்தில், ஐம்பது ஐம்பது சென்டிமீட்டராக. முழு நீளத்தையும் சேர்த்து ஆறு புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தன. மீட்டருக்கு 2.7 டெசிபெல்.

பெரிய சாதனை இல்லை. மோசமும் இல்லை. வளைத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வருகிறது, அதுதான் இதில் நல்ல செய்தி.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், கயிறு உட்பட. அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அளவு எழுதிய நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகிறது, அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டும். ஆய்விதழுக்கு "அளவீட்டுப் பிழை" என்று திருத்தம் எழுதியிருக்கிறோம், அனுப்பப் போகிறோம். மேடம் ஒன்று கேட்கச் சொன்னார்: அளந்தது நீ இல்லை, தப்பு உன்னுடையது இல்லை, ஆகவே திருத்தத்தில் உன் பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாமாம். நேர்காணல் நேரத்தில் உனக்கு அது நல்லது என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மூன்றாம் தேதிக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ எழுதியதில் ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். செய்தவள் மறுபடி செய்வாள் என்பதை. எனக்கு அது தோன்றவே இல்லை என்பது உண்மை. வெட்கமாக இருக்கிறது.

செல்வா

* * *

வில்லியனூர்
17 மார்ச் 2025

செல்வா,

திருத்தத்தில் என் பெயரைப் போடு. பழைய எண்ணுக்கு மேலே இருந்த பெயர் புது எண்ணுக்கு மேலேயும் இருக்கட்டும். "அளவீட்டுப் பிழை" என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்களே, அதை மாற்றச் சொல். குழாயை வெட்டவில்லை, வேறொரு துண்டை வைத்தோம் என்று அப்படியே எழுதுங்கள். படிக்கிறவன் அதே தப்பைச் செய்யாமல் இருப்பான்.

நேர்காணலில் மூன்று பேர். குழாயின் இழப்பு எவ்வளவு என்று முதல் கேள்வியே அதுதான். அச்சில் இருப்பது 0.8, உண்மை 2.7, திருத்தம் வருகிறது என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று ஒருவர் கேட்டார். நாடா வைத்து அளந்தேன் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் எழுதிக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை. போன வாரம் தகவல் வந்தது, டிகிரி படித்த ஒருவருக்குப் போய்விட்டதாம். செய்தி வந்தபோது மூலக்குளம் சிக்னலில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். வில்லியனூர் வரும்வரை அழுதேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, "இன்னா பாப்பா, வூட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் மேல் இருந்த கோபம் முழுசாகப் போகவில்லை. முக்கால்வாசி போய்விட்டது.

இனி வேலை. நாற்பத்தொன்றின் முனையைப் பார்த்தேன் அல்லவா, ஆறு சின்னக் குழாய்களின் சுவரும் ஒரே தடிமன். கெட்டுப்போனவற்றில் எல்லாம் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. எந்தப் பக்கம் என்று மெஷினில் வைத்துப் பார்த்தால், பின்பக்க ஷட்டரைப் பார்த்த பக்கம். வெக்கை தாங்காமல் அதை எப்போதும் திறந்தே வைப்போம். அங்கிருந்து வரும் காற்று சூட்டு வளையத்தின் ஒரு பக்கத்தைக் குளிர வைத்திருக்கிறது. நாற்பத்தொன்று இழுத்த ஞாயிறு அந்த ஷட்டர் சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. முதலாளிதான் ஞாபகப்படுத்தினார், ரிப்பேருக்கு ஆள் தேடி அலைந்ததை அவர் மறக்கவே மாட்டார்.

இரண்டு ஞாயிறாக ஷட்டரை இறக்கிவிட்டு இழுத்தேன். வேர்த்துக் கொட்டியது. மூன்று இழுத்தேன், மூன்றும் சரியாக வந்துவிட்டன. சுவரை இன்னும் கொஞ்சம் மெலிதாக்கியிருக்கிறேன், 2.7-க்குக் கீழே வர வேண்டும். மூன்றையும் இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மூன்றையும் வெட்டு. தீர்ந்துபோனால் எழுது, இழுத்து அனுப்புகிறேன்.

ஜோஸ்பின்